ஹைட்ரஜன் வராத பாட்டில்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

2025 ஜூலையில் சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு புராஜெக்ட் கேட்டு வரும் பிள்ளைகள் பலருக்கும் ஹைட்ரஜன் மேல்தான் கண். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் என்று சுற்றுப்புறத்துப் பிள்ளைகள். மணலி சுத்திகரிப்பு ஆலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள். டீசலில் இருக்கும் கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜன் வேண்டும் என்பதும், இன்று தொழிற்சாலைகளில் புழங்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது என்பதும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே சோறு வடித்த கஞ்சியிலிருந்து பாக்டீரியா எடுத்துக் கொடுக்கும் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது.

மூன்று வாரம் கழித்து அதே முகம் வாடிப்போய் வந்து நிற்கும். "மேடம், கேஸே வரல. ஜீனை மாத்திடலாமா?"

மாற்றலாம். ஆனால் இப்போது வேண்டாம். ஜீனில் இருக்கிறது என்று நினைத்த கோளாறு ரப்பர் மூடியிலும், தண்ணீரிலும், அளக்கும் கருவியிலும் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே அறிகுறிகளை நான் தேடும் வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் அளவு, அடுத்து பாட்டில், அப்புறம் சாப்பாடு, பங்காளிகள், கடைசியில்தான் மரபணு. 120 மில்லி சீரம் பாட்டில், 50 மில்லி திரவம், பியூட்டைல் ரப்பர் மூடி, அலுமினிய வளையம் என்ற சாதாரண ஏற்பாட்டை மனதில் வைத்துப் படியுங்கள்.

தேடத் தொடங்குமுன் ஒரு கணக்கு. வெளிச்சம் தேவையில்லாத இந்த நொதித்தலில், குளுக்கோஸை உடைக்கும்போது கைக்கு வரும் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டிய கட்டாயம் பாக்டீரியாவுக்கு இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஹைட்ரஜனாக வெளியே விடுகிறது. கிளாஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியா குளுக்கோஸ் முழுவதையும் அசிட்டேட் ஆக்கினால் ஒரு மோலுக்கு 4 மோல் ஹைட்ரஜன். பியூட்டிரேட் ஆக்கினால் 2. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு வழி வேறு, அதற்கு உச்சமே 2. எல்லாம் லாக்டேட்டாகப் போனால் ஒன்றுமே இல்லை. ஆகவே ஹைட்ரஜன் வரவில்லை என்றால் எலக்ட்ரான் தொலைந்துபோகவில்லை, வேறு ஒரு கணக்கில் ஏறியிருக்கிறது. எந்தக் கணக்கு என்று பார்ப்பதுதான் நம் வேலை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 50 மில்லியில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் குளுக்கோஸ் போட்டால் பாட்டிலில் 0.25 கிராம், அதாவது 1.39 மில்லிமோல். அதிலிருந்து 2 மடங்கு வந்தால் 30 டிகிரியில் சுமார் 69 மில்லி ஹைட்ரஜன். இந்த எண்ணைப் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 69க்கு 40 வந்தால் அது தோல்வி இல்லை. 69க்கு 200 வந்தால் கொண்டாட வேண்டாம், அளவு தப்பு.

குமிழ் வருகிறது, ஜிசியில் ஹைட்ரஜன் இல்லை

இதைத்தான் முதலில் வைப்பேன், ஏனென்றால் இதில்தான் நல்ல பாக்டீரியா குப்பைக்குப் போகிறது. ஒரு மாணவி மூன்று வகைகளை வளர்த்து, வாயுவை வெளியே ஓர் ஆய்வகத்தில் ஜிசியில், அதாவது வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில், கொடுத்துப் பார்த்தாள். பாட்டில் உப்பி நின்றது. அறிக்கையில் ஹைட்ரஜன் "கண்டறியப்படவில்லை". மூன்றையும் ஆட்டோகிளேவ் பண்ணிக் கொட்டிவிட்டாள். பிறகுதான் கேட்டேன், கருவிக்குள் சாம்பிளைச் சுமந்து ஓடும் கேரியர் வாயு என்ன என்று. ஹீலியம்.

வெப்பக் கடத்துதிறனை வைத்து அறியும் டிடெக்டர், ஓடிக்கொண்டிருக்கும் வாயுவுக்கும் உங்கள் வாயுவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். ஹைட்ரஜனும் ஹீலியமும் வெப்பத்தைக் கடத்துவதில் அண்ணன் தம்பி. வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் பீக் சின்னதாக வரும், சில சமயம் தலைகீழாகவோ நடுவில் நெளிந்தோ வரும், மென்பொருள் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். கேரியராக நைட்ரஜனோ ஆர்கானோ இருக்க வேண்டும். சாம்பிள் கொடுக்குமுன் இதைக் கேளுங்கள். ஹைட்ரஜன் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வாயுவையும் கூடவே கொடுங்கள்.

இன்னொன்று, ஜிசிக்குள் மாலிக்யுலர் சீவ் நிரப்பிய பிரிப்புக் குழாய் ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் மீத்தேனையும் அழகாகப் பிரிக்கும். ஆனால் கார்பன் டைஆக்சைடை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். "எங்க வாயுவில் கார்பன் டைஆக்சைடே இல்லை, சுத்த ஹைட்ரஜன்" என்று யாராவது சொன்னால் எந்தக் குழாய் என்று கேளுங்கள்.

ஜிசி கிடைக்காதவர்கள் தண்ணீரை இடம்பெயர்த்து அளக்கிறார்கள். நல்ல முறைதான், மூன்று எச்சரிக்கைகளோடு. வெறும் தண்ணீரில் கார்பன் டைஆக்சைடு கரைந்துவிடும், மொத்த வாயு குறைவாகத் தெரியும்; அமிலம் சேர்த்த, இனிக் கரையாது என்னும்வரை உப்பு போட்ட தண்ணீர் வையுங்கள். காஸ்டிக் சோடா கரைசல் வழியாக விட்டால் கார்பன் டைஆக்சைடு போய்விடும், ஆனால் மிஞ்சியதெல்லாம் ஹைட்ரஜன் ஆகிவிடாது. மீத்தேனும், ஆரம்பத்தில் நீங்கள் ஓட்டிய நைட்ரஜனும் அதில்தான் இருக்கின்றன. மூன்றாவது, நம் ஊர் வெயில். 35 டிகிரியில் ஈரத்தோடு அளந்த 100 மில்லி வாயு, பூஜ்யம் டிகிரி, உலர்ந்த நிலை என்று கணக்குப் போட்டால் 84 மில்லிதான். மே மாதம் அளந்ததையும் டிசம்பரில் அளந்ததையும் இந்தத் திருத்தம் இல்லாமல் ஒப்பிட்டால், சீசன் மாறியதை முன்னேற்றம் என்று எழுதிவிடுவோம்.

குமிழே வரவில்லை

பாட்டிலைத் தண்ணீர் வாளியில் முழுக்கித் தலைகீழாகப் பிடியுங்கள். ஊசி குத்திக் குத்திச் சல்லடையான ரப்பர் வழியாக முத்து முத்தாகக் குமிழ் ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. ஹைட்ரஜன் மாதிரிச் சின்ன மூலக்கூறுக்கு ஒரு பழைய ஓட்டை போதும். வாயு சேகரிக்கும் குழாய் சிலிக்கோன் ரப்பர் என்றால் ஓட்டையே தேவையில்லை, சுவர் வழியாகவே கசியும். வளையும், விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று அதைத்தான் வாங்குகிறார்கள். கண்ணாடிக் குழாயோ பியூட்டைல் ரப்பரோ போடுங்கள், சேருமிடத்தில் மட்டும் சின்னத் துண்டு ரப்பர்.

கசிவு இல்லையென்றால் ஆக்சிஜன். ஹைட்ரஜனை உருவாக்கும் நொதியான ஹைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. 1931இல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் லியோனார்ட் ஸ்டிக்லண்டும் பெயர் வைத்த அதே நொதி. கிளாஸ்டிரிடியத்தில் இருக்கும் இரும்பு வகை காற்று பட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. கரைசலில் ரெசசுரின் சாயம் ஒரு துளி போட்டு வையுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும்வரை உள்ளே ஆக்சிஜன் உண்டு. நிறம் முழுக்கப் போன பிறகுதான் விதைக் கரைசலை, அதாவது பாக்டீரியா இருக்கும் கரைசலை, செலுத்த வேண்டும். சிஸ்டீன் சேர்த்தால் சீக்கிரம் போகும். பத்து நிமிடம் நைட்ரஜன் ஓட்டிவிட்டு, அதே ஊசியால் காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிற பழக்கம் பலருக்கு உண்டு. சிரிஞ்சை இரண்டு மூன்று முறை நைட்ரஜனில் கழுவிவிட்டுக் குத்துங்கள்.

நிறமும் போய்விட்டது, கலங்கலும் ஏறுகிறது, அதாவது பாக்டீரியா வளர்கிறது, ஆனால் வாயு இல்லை. ஈ.கோலையில் இது வந்தால் எனக்கு உடனே செலினியம்தான் ஞாபகம் வரும். ஈ.கோலை ஹைட்ரஜனை நேரடியாகக் குளுக்கோஸிலிருந்து எடுப்பதில்லை. முதலில் ஃபார்மேட் ஆக்குகிறது, அந்த ஃபார்மேட்டை உடைத்து ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் ஆக்குகிறது. உடைக்கும் நொதிக்குச் செலினியமும் மாலிப்டினமும் வேண்டும், பக்கத்தில் நிற்கும் ஹைட்ரஜனேஸுக்கு நிக்கல் வேண்டும். ஈ.கோலையின் ஃபார்மேட் நொதிக்குச் செலினைட்டும் மாலிப்டேட்டும் தேவை என்று 1954லேயே ஜேன் பின்சென்ட் காட்டிவிட்டார். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் போட்ட கரைசலில் இவை தானாகவே கொஞ்சம் வந்துவிடும். செலவைக் குறைக்கிறோம் என்று உப்புகள் மட்டும் கொண்ட கரைசலுக்கு மாறியதும், வளர்ச்சி இருக்கும், வாயு நின்றுவிடும். மைக்ரோமோலார் அளவுதான் வேண்டியது, ஆனால் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அதுவும் சரி என்றால் பிஎச். ஃபார்மேட்டை உடைக்கும் அமைப்பு கொஞ்சம் அமிலம் ஏறினால்தான் விழித்துக்கொள்ளும். 7.5இல் பலமான பஃபர் போட்டு உட்காரவைத்தால் ஃபார்மேட் வெளியே குவிந்துகிடக்கும். 6 முதல் 6.5 வரை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். வாய்க்காலும் சாக்கடையும் பக்கத்தில் ஓடும் இடத்துப் போர் தண்ணீரில் நைட்ரேட் இருக்கும். நைட்ரேட்டைப் பார்த்தால் ஈ.கோலை எலக்ட்ரானை அதற்குத்தான் கொடுக்கும், ஹைட்ரஜன் பக்கத்தையே மூடிவிடும். கருவியும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம், ஒரு பாட்டில் மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

குளுக்கோஸில் வருகிறது, நம்ம ஊர்ச் சரக்கில் வரவில்லை

இது பிள்ளைகளை அதிகம் நோகடிக்கும் அறிகுறி, ஏனென்றால் அவர்கள் ஆசைப்பட்டதே அந்தச் சரக்குக்காகத்தான். மெஸ்ஸிலிருந்து கஞ்சி கொண்டுவருவார்கள், கடையிலிருந்து கரும்புச்சாறு, இனிப்புக் கடையில் பனீர் திரித்த தண்ணீர். ஈ.கோலை எதற்கும் அசையாது.

காரணம் சோம்பல் இல்லை. ஆய்வகத்து ஈ.கோலை கே-12க்கு மாவுச்சத்தை உடைக்கும் நொதி வெளியே விடத் தெரியாது. கஞ்சி அதற்கு வெறும் கொழகொழப்பு. முதலில் அமைலேஸ் போட்டுக் குளுக்கோஸாக்க வேண்டும், அல்லது மாவைத் தானே உடைக்கும் கிளாஸ்டிரிடியம் பியூட்டிரிகம் போன்ற ஒன்றை எடுக்க வேண்டும். வெல்லப்பாகிலும் கரும்புச்சாற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், கே-12 அதைத் தொடாது.

பனீர் தண்ணீரில் இருப்பது லாக்டோஸ். கே-12 அதைச் சாப்பிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது, உண்மையும்கூட. ஆனால் நம் பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் கெய்யோ தொகுப்பு வகை. 2006இல் ஜப்பானியர்கள் வெளியிட்ட தொகுப்பு, 3,985 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிய ஈ.கோலை வகைகள். அதன் தாய் வகையான பிடபிள்யூ25113இல் லாக்டோஸை உடைக்கும் மரபணு ஏற்கனவே இல்லை. அராபினோஸும் ராம்னோஸும்கூட அதற்கு ஆகாது. ஒரு பையன் பனீர் தண்ணீரில் ஒரு மாதம் மன்றாடினான். வகையின் ஜாதகத்தை, அதாவது அதில் ஏற்கனவே என்னென்ன நீக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை, அவன் ஒருமுறை படித்திருந்தால் போதும். நானும்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் புராஜெக்ட் தாளில் தலைப்புக்குக் கீழே அந்தப் பட்டியலை எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறோம்.

வாடை மாறுகிறது

மூடியைத் திறந்து மூக்கை நுழைக்காதீர்கள். ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து, கையால் காற்றை விசிறி முகருங்கள். ஜிசிக்கு முன்னால் எனக்குத் துப்பு கொடுத்தது பல சமயம் மூக்குதான்.

கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடித்தால் மகிழ்ச்சி. பியூட்டிரேட் வருகிறது, கிளாஸ்டிரிடியம் வேலை செய்கிறது, ஹைட்ரஜனும் கூடவே வரும்.

புளித்த மாவு வாடை, வாயு குறைவு, பிஎச் சரசரவென்று இறங்குகிறது என்றால் லாக்டிக் பாக்டீரியா பாட்டிலைப் பிடித்துவிட்டது. இரவு வைத்த கஞ்சியில் அவைதான் ராஜா, இட்லி மாவு பொங்குவது தெரிந்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எலக்ட்ரான் எல்லாம் லாக்டேட்டில் ஏறிவிடுகிறது. போதாததற்கு சில வகைகள் கிளாஸ்டிரிடியத்தைக் கொல்லும் பொருளையும் விடுகின்றன. விதையைச் சூடாக்கினோம், சரக்கைச் சூடாக்கினோமா? கஞ்சியை 80 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து ஆறவிட்டு அன்றைக்கே போடுங்கள். லாக்டிக் பாக்டீரியாவுக்குச் சூட்டைத் தாங்கும் ஸ்போர் என்ற உறங்கும் வடிவம் கிடையாது, அந்தச் சூட்டில் பெரும்பாலும் போய்விடும்.

நெயில் பாலிஷ், ஸ்பிரிட் மாதிரி வாடை என்றால் பிஎச் 5க்குக் கீழே போய், கிளாஸ்டிரிடியம் அமிலத்தை விட்டுவிட்டு அசிட்டோன், பியூட்டனால் பக்கம் திரும்பியிருக்கிறது. கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடி, கால்சியம் கார்பனேட், போட்டு வைத்தால் அமிலம் ஏற ஏற அது கரைந்து தாங்கிக்கொள்ளும். அதிலிருந்தும் கார்பன் டைஆக்சைடு வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் தனிக்கதை. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவன் மீன் கழுவின தண்ணீரை விதையாகவும் சரக்காகவும் கொண்டுவந்தான். யோசனை நல்லது, கழிவு நிறைய. ஆனால் கடல் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் கலந்தது அது. கடல் தண்ணீரில் சல்பேட் லிட்டருக்கு 2.7 கிராம் அளவில் இருக்கிறது. இரண்டாம் நாள் பாட்டில் தார் மாதிரிக் கறுத்தது. சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா, வந்த ஹைட்ரஜனை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்கிவிட்டது. கறுப்பு நிறம் இரும்பு சல்ஃபைடு. அதாவது இரட்டை நஷ்டம், வந்த ஹைட்ரஜனும் போயிற்று, ஹைட்ரஜனேஸுக்கு வேண்டிய இரும்பும் அடியில் போய்ப் படிந்தது. எண்ணூர், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் ஏறிய கிணற்றுத் தண்ணீரைப் போட்டாலும் இதே கறுப்புதான் வரும். சரக்கை மாற்ற முடியாது என்றால் சல்பேட் எவ்வளவு என்று அளந்து, நல்ல தண்ணீரில் நீர்த்துப் போடுங்கள், பிஎச்சை 5.5 பக்கம் வையுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷவாயு, கொஞ்ச நேரத்தில் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். நாற்றம் போய்விட்டது என்று தைரியமாகக் குனியாதீர்கள்.

முதல் நாள் நிறைய வந்தது, மூன்றாம் நாள் குறைந்துவிட்டது

கசிவு இல்லை என்று ஆன பிறகும் குறைகிறது என்றால் யாரோ உள்ளே சாப்பிடுகிறார்கள்.

கொடுங்கையூர் போன்ற கழிவுநீர் நிலையத்துச் சேற்றை விதையாக எடுத்தால் அதில் மீத்தேன் செய்யும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கும். அங்கே அவைதான் வேலைக்காரர்கள், நமக்கு அவை திருடர்கள். ஜிசியில் மீத்தேன் பீக் தலைகாட்டினால் சூடு போதவில்லை. சேற்றை 90 முதல் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் ஸ்போர் போடும் கிளாஸ்டிரிடியம் பிழைக்கும், மீத்தேன் கூட்டம் பிழைக்காது. பெரிய பாத்திரத்தில் சேற்றைக் கொதிக்கவைத்தால் நடுவில் சூடு ஏறாமலே இருக்கும். சின்னக் குப்பிகளில் பிரித்து, தெர்மாமீட்டரை நடுவில் நிறுத்திப் பார்த்து, அந்த இடம் 90ஐத் தொட்ட நேரத்திலிருந்து மணி பாருங்கள். ஆட்டோகிளேவில் வைத்துவிடாதீர்கள், 121 டிகிரியில் ஸ்போரும் போய்விடும்.

மீத்தேனும் இல்லை, மொத்த வாயுவும் குறைகிறது, அசிட்டேட் மட்டும் ஏறுகிறது. இது ஹோமோஅசிட்டோஜென். நான்கு ஹைட்ரஜனையும் இரண்டு கார்பன் டைஆக்சைடையும் சேர்த்து அசிட்டேட் ஆக்கிவிடும். சிலவற்றுக்கு ஸ்போரும் உண்டு, சூட்டுக்கு அசராது. இதற்கு நல்ல மருந்து, வாயுவை உள்ளே தேங்கவிடாமல் இருப்பதுதான்.

அந்த வைத்தியம் வேறொரு விதத்திலும் பலன் தரும். கண்ணாடி சிரிஞ்சின் உள்சுவரைத் தண்ணீரில் நனைத்து, பிஸ்டனைச் சுழற்றிவிட்டு, ஊசியை ரப்பரில் குத்துங்கள். யாரும் இழுக்காமலே பிஸ்டன் மெதுவாக மேலே ஏறும். ஏறி, ஒரு நொடி நடுங்கி, நிற்கும். முதல்முறை பார்க்கும் எந்த மாணவரும் பேசமாட்டார்கள். அது நிற்கும் இடம்தான் அதிகப்படி வாயுவின் அளவு. நாளுக்கு இரண்டு முறையாவது இப்படி எடுங்கள். மேலே சொன்ன 0.25 கிராம் குளுக்கோஸ் முழுக்க வேலை செய்தால், திரவத்துக்கு மேலே இருக்கும் 70 மில்லி இடத்தில் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து அழுத்தம் வெளிக்காற்றைப்போல் மூன்று மடங்கை நெருங்கிவிடும். ஹைட்ரஜன் அழுத்தம் ஏறினால் கிளாஸ்டிரிடியம் மேற்கொண்டு ஹைட்ரஜன் விடத் தயங்கி எலக்ட்ரானை லாக்டேட், எத்தனால் பக்கம் தள்ளும். சர்க்கரையை இரட்டிப்பாக்கினால் வாயுவும் இரட்டிக்கும் என்று போட்டவர்கள் ஏமாறுவது இதனால்தான். பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

இந்த இடத்தில் நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால் தீப்பிடிக்கும், அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. "பாப்" சத்தம் கேட்கும் பரிசோதனையைப் பாட்டில் வாயில் செய்யாதீர்கள். வாயு எடுக்கும் மேசையில் பன்சன் பர்னர் கிடையாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் பாட்டில் நாள்களில் கேஸ் வால்வின் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். கேட்டாலும் தரமாட்டார்.

மரபணுவை மாற்றினோம், முன்னேற்றம் இல்லை

இப்போதுதான் இங்கே வருகிறோம். மரபணு மாற்றிய உயிர் என்றால் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு வழியாகத்தான் போக வேண்டும். கெய்யோ வகைகளும் அதில் சேர்ந்தவைதான். வீட்டு மொட்டைமாடி வேலை இல்லை இது.

ஆசை இப்படித்தான் தொடங்கும்: லாக்டேட் வழியை மூடு, சக்சினேட் வழியை மூடு, எத்தனால் வழியையும் மூடு, எலக்ட்ரான் எல்லாம் ஹைட்ரஜனாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. பாட்டிலில் ஈ.கோலை வளரவே மறுக்கிறது.

ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி புராஜெக்ட் முடிந்தது. குளுக்கோஸை உடைக்கும்போது எலக்ட்ரான்கள் இரண்டு பைகளில் வருகின்றன. ஒன்று என்.ஏ.டி.எச். என்ற பை. இன்னொன்று, குளுக்கோஸிலிருந்து வரும் பைருவேட் உடையும்போது கிடைக்கும் ஃபார்மேட். ஈ.கோலையின் ஹைட்ரஜன் வருவது இரண்டாவது பையிலிருந்து மட்டும். முதல் பையைக் காலி செய்ய அதற்குத் தெரிந்த வழிகள் எத்தனாலும் லாக்டேட்டும் சக்சினேட்டும்தான். எல்லாவற்றையும் மூடினால் பை நிரம்பி, உடைப்பு வேலையே நின்றுபோகும். எத்தனால் வழி ஒன்றை மட்டும் நீக்கினாலே ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இல்லாத குளுக்கோஸில் ஈ.கோலை திணறிவிடும். ஆகவே எத்தனாலைத் தொடாதீர்கள். லாக்டேட்டையும் சக்சினேட்டையும் மூடினால் பைருவேட் ஃபார்மேட் பக்கம் திரும்பும், அது லாபம். ஒரு மோலுக்கு 2 என்ற உச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். கிளாஸ்டிரிடியத்தால் 4 வரை போக முடிவது, ஹைட்ரஜன் அழுத்தம் குறைவாக இருக்கும்போது முதல் பையையும் ஹைட்ரஜனாக மாற்றத் தெரிந்ததால்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு வழி. ஈ.கோலையில் ஹைட்ரஜனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ஹைட்ரஜனேஸ்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்றும் இரண்டும் என்று எண் இட்டவை. சுத்தமான கல்ச்சரில் வாயு ஏறி இறங்கினால் இவற்றைச் சந்தேகியுங்கள். இவற்றை நீக்கி, ஃபார்மேட் உடைப்பை அடக்கி வைத்திருக்கும் ஹைக்-ஏ மரபணுவையும் நீக்கினால், செல்லின் பை நிரம்பாது, வளர்ச்சியும் பெரிதாகக் கெடாது, ஹைட்ரஜன் மட்டும் தங்கும்.

நீக்கியாயிற்றா என்பதை ஆன்டிபயாடிக் தட்டை வைத்து முடிவுகட்டாதீர்கள். மரபணுவுக்கு வெளியே இருபுறமும் பிரைமர் வைத்து, அந்த டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் காட்டும் காலனி பிசிஆர் பாருங்கள், ஒவ்வொரு படியிலும். கெய்யோ வகையில் நீக்கிய இடத்தில், கனமைசின் ஆன்டிபயாடிக்கைத் தாங்கவைக்கும் துண்டு உட்கார்ந்திருக்கும். அதை பிசிபி20 பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தை வைத்து வெட்டி எடுத்தால்தான் அடுத்த நீக்கத்துக்கு அதே கனமைசினைப் பயன்படுத்த முடியும். பிளாஸ்மிட்டை உள்ளே ஏற்றி வளர்க்கும்போது 30 டிகிரி, வெட்டவைத்து அதைத் துரத்தும்போது 42. எங்கள் இன்குபேட்டர் 37 என்று காட்டி 39இல் ஓடிய நாள்களும் உண்டு, தனி தெர்மாமீட்டர் உள்ளே இருக்கட்டும். நான்கு ஐந்து நீக்கம் ஆனபின், வெட்டிய இடங்களில் மிஞ்சும் தழும்புகள் ஒரே மாதிரி இருப்பதால் அவற்றுக்குள்ளேயே சேர்ந்து நடுவில் ஒரு பெரிய துண்டு கழன்றுபோகவும் வாய்ப்பு உண்டு. பழைய தழும்புகளையும் மறுபடி பிசிஆர் பாருங்கள்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் ஒரு சறுக்கல். மாற்றிய வகை மெதுவாக வளரும், 24 மணி நேரத்தில் பாட்டிலுக்கு எவ்வளவு என்று பார்த்தால் தோற்றுவிடும். மிஞ்சிய குளுக்கோஸை அளந்து, சாப்பிட்ட ஒரு மோலுக்கு எவ்வளவு ஹைட்ரஜன் என்று பாருங்கள். தாய் வகையை அதே நாள், அதே கரைசல், அதே ரப்பர் மூடிக் கட்டிலிருந்து எடுத்து ஓட்டுங்கள். போன மாதத்துத் தாய் வகை எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

நன்றாக இருந்தது, ஐந்தாறு முறை மாற்றி வளர்த்ததும் போய்விட்டது

ஹைட்ரஜன் பாக்டீரியாவுக்குக் கழிவு. நிறைய விடுவதால் அதற்கு லாபம் எதுவும் இல்லை, விடாமல் வேகமாக வளரும் ஒன்று தோன்றினால் அதுதான் ஜெயிக்கும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் உறைவித்த கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து தொடங்குங்கள், தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போகாதீர்கள். கிளாஸ்டிரிடியம் என்றால் ஸ்போராக வைத்து, சூடு கொடுத்து எழுப்புங்கள்.

சின்னப் பாட்டிலில் வருகிறது, ஐந்து லிட்டரில் வரவில்லை

பெரும்பாலும் கலக்கல் போதவில்லை. ஹைட்ரஜன் திரவத்துக்குள்ளேயே தேங்கி அழுத்தம் போலவே வேலை செய்கிறது. கரண்ட் போய் ஷேக்கர் நின்ற இரவுகளின் பாட்டில்களை ஒதுக்கிப் பாருங்கள், அதே வடிவம் தெரியும். கலக்குங்கள், நைட்ரஜனை மெல்ல ஓட்டுங்கள், பிஎச்சைத் தானியங்கியாகப் பிடியுங்கள்.

எதுவுமே பிடிபடவில்லை

நான்கு பாட்டில் போடுங்கள். ஒன்றில் பாக்டீரியாவே வேண்டாம். ஒன்றில் பாக்டீரியா உண்டு, சர்க்கரை வேண்டாம். ஒன்றில் தாய் வகையும் குளுக்கோஸும். நான்காவதில், கெய்யோ தொகுப்பிலேயே இருக்கும் ஹைக்-ஈ நீக்கிய வகை. ஹைட்ரஜனேஸ் 3 இல்லாத, ஹைட்ரஜன் விட முடியாத ஈ.கோலை. நான்கையும் ஒரே ஷேக்கரில் வைத்து மறுநாள் காலை சிரிஞ்சைக் குத்துங்கள். தாய் வகையில் பிஸ்டன் ஏறி, மற்ற மூன்றில் அசையாமல் இருந்தால் உங்கள் கையும் கருவியும் சரி, தைரியமாக மரபணுவுக்குப் போகலாம். நான்காவது பாட்டிலில் ஹைட்ரஜன் தெரிந்தால் அன்றைக்கு வேறு எதையும் தொடாதீர்கள். ரப்பர் மூடியை மாற்றுங்கள், ஜிசியின் கேரியர் சிலிண்டரைப் போய்ப் பாருங்கள், ஒரு துளி எடுத்துத் தட்டில் தடவி உள்ளே இருப்பது உங்கள் ஈ.கோலைதானா என்று பாருங்கள்.